பி. எம். டபிள்யூ

பி. எம். டபிள்யூ என்பது ஜெர்மனியின் மியூனிக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மகிழுந்து (கார்) மற்றும் மோட்டார் சைக்கிள் தயாரிப்பு நிறுவனம் ஆகும். 'பயரிஷே மோட்டோரன் வெர்கே' என்னும் ஜெர்மன் பெயரின் சுருக்கமே இது. பவேரிய மோட்டார் தொழிலகம் என்பது இதன் பொருள். ஜெர்மானியர் இதனை 'பே எம் வே' என்று ஒலிப்பர். வானூர்தி எஞ்சின்களைச் செய்வதற்காக முதல் உலகப் போர்க் காலத்தில் தோன்றிய இந்நிறுவனம், பின்னர் மோட்டார் சைக்கிள்களையும் அதன் பின் மகிழுந்துகளையும் தயாரிக்கத் தொடங்கியது. இன்று மினி, ரோல்ஸ் ராய்ஸ் ஆகிய மகிழுந்து வணிகப்பெயர்களும் இக்குழுமத்தைச் சேர்ந்தவை.

இதன் தயாரிப்புகளுள் சில தமிழ்நாட்டில் உருவாகின்றன. மகிழுந்துகள் செங்கல்பட்டுக்கு அருகிலும், சிறிய மோட்டார் சைக்கிள்கள் ஓசூரிலும் செய்யப்படுகின்றன.

பெயரும் சின்னமும்

நிறுவனத்தின் தொடக்க நாளாக 1916 மார்ச் 7 குறிக்கப்படுகிறது. அன்று நிறுவப்பட்டது பவேரிய வானூர்தித் தொழிலகம் என்னும் வேறொரு நிறுவனம் ஆகும். பி. எம். டபிள்யூ என்ற பெயரோ, கார்ல் ராப் என்பவர் 1913 இல் தொடங்கிய எஞ்சின் தொழிலகத்துக்கு 1917 இல் சூட்டப்பட்டது. முதலீட்டாளரான கமில்லோ காஸ்டிக்லியோனி 1922 இல் எஞ்சின் தொழிலையும் பெயரையும் பவேரிய வானூர்தித் தொழிலகத்துக்கு மாற்றினார். எனவே பெயர் ஒரு நிறுவனத்திடமிருந்தும், பிறந்தநாள் மற்றொரு நிறுவனத்திடமிருந்தும் வந்தவை.

நீலமும் வெள்ளையுமாக நான்காகப் பகுக்கப்பட்ட வட்டச் சின்னம் 1917 இல் பதிவு செய்யப்பட்டது. இது சுழலும் வானூர்தி விசிறியைக் குறிக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் இவ்வண்ணங்கள் பவேரிய மாநிலத்துக்குரியவை. அரசுச் சின்னங்களை வணிகக் குறியாகப் பயன்படுத்த அக்காலச் சட்டம் இடந்தராததால் வண்ணங்களின் வரிசை மாற்றி அமைக்கப்பட்டது. 1929 இல் வெளிவந்த ஒரு விளம்பரத்தில் சுழலும் விசிறியின் மீது சின்னம் பொருத்திக் காட்டப்பட்டது. விசிறிக் கதை அதன் பின்னரே பரவியது.

வானூர்தி எஞ்சின்களும் மோட்டார் சைக்கிளும்

உயரே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைவதால் எஞ்சின்களின் திறனும் குறையும். மாக்ஸ் பிரிட்ஸ் என்னும் பொறியாளர் வடிவமைத்த 'மூன்று ஏ' எஞ்சின், மெல்லிய காற்றிலும் திறனை இழக்காதவாறு உயர் அழுத்த விகிதத்துடன் அமைந்தது. அவ்வழியில் வந்த அடுத்த எஞ்சினுடன் 1919 சூன் 17 அன்று பிரான்ஸ் செனோ டீமர் 9,760 மீட்டர் உயரம் வரை பறந்தார். சில நாட்களில் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கை, ஜெர்மனி வானூர்தி எஞ்சின்கள் தயாரிப்பதைத் தடை செய்தது. நிறுவனம் தொடர்வண்டித் தடைக் கருவிகளைச் செய்து காலந்தள்ள நேர்ந்தது.

1923 இல் பிரிட்ஸ் வடிவமைத்த ஆர் 32 மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. இதன் இரண்டு சிலிண்டர்கள் வண்டியின் இருபுறமும் எதிரெதிராக நீட்டிக்கொண்டிருந்தன. இதனால் அவை எதிர்க்காற்றில் நன்கு குளிர்ந்தன. பின்சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டு பயன்பட்டது. இவ்வமைப்பு பெருமளவில் மேம்படுத்தப்பட்டு இன்றும் இந்நிறுவனத்தின் பெரிய மோட்டார் சைக்கிள்களில் தொடர்கிறது.

முதல் மகிழுந்து

பி. எம். டபிள்யூவின் முதல் மகிழுந்து அதன் சொந்த வடிவமைப்பு அன்று. 1928 இல் அது ஐசனாக் நகரிலிருந்த ஒரு தொழிற்சாலையை வாங்கியது. அங்கு பிரித்தானியாவின் ஆஸ்டின் 7 என்னும் சிறு மகிழுந்து, டிக்சி என்ற பெயரில் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்டு வந்தது. சில மாற்றங்களுடன் அதுவே 1929 இல் பி. எம். டபிள்யூ 3/15 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உரிம ஒப்பந்தம் 1932 இல் முடிவுற்றபோது, தானே வடிவமைக்கும் அளவுக்கு நிறுவனம் அனுபவம் பெற்றிருந்தது.

1933 இல் வந்த 303 வகையில் ஆறு சிலிண்டர் எஞ்சினும், சிறுநீரகம் போன்ற வடிவுடைய இரட்டை முன்வலையும் இடம்பெற்றன. இவ்விரண்டும் பின்னாளில் நிறுவனத்தின் அடையாளங்களாயின. 1936 இல் அறிமுகமான 328 வகை ஐந்நூறுக்கும் குறைவான எண்ணிக்கையிலேயே செய்யப்பட்டாலும், 1940 ஆம் ஆண்டு இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்தில் வென்றது.

போர்க்காலமும் கட்டாய உழைப்பும்

நாட்சி ஆட்சிக் காலத்தில் நிறுவனத்தின் முதன்மைத் தொழில் மீண்டும் வானூர்தி எஞ்சின்களாக மாறியது. போக்கே-வுல்ப் 190 போர் வானூர்திக்கான 801 வகை எஞ்சின் இங்குத் தயாரானது. இத்தயாரிப்பில் போர்க் கைதிகளும், வேறு நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்களும், வதைமுகாம்க் கைதிகளும் பல்லாயிரக்கணக்கில் கட்டாயமாக உழைக்கவைக்கப்பட்டனர். மியூனிக்கை அடுத்த அல்லாக் ஆலைக்கென டாக்கௌ வதைமுகாமின் கிளைமுகாம் ஒன்றே அமைக்கப்பட்டிருந்தது.

போருக்குப் பின் பல பத்தாண்டுகள் இதுபற்றி வெளிப்படையாகப் பேசப்படவில்லை. கட்டாய உழைப்பாளர்களுக்கு இழப்பீடு வழங்க 2000 ஆம் ஆண்டு ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் உருவாக்கிய அறக்கட்டளையில் பி. எம். டபிள்யூவும் பங்கேற்றது. பின்னாளில் நிறுவனத்தின் பெரும் பங்குதாரர்களான குவாண்ட் குடும்பத்தினரின் போர்க்கால நடவடிக்கைகள் குறித்த தொலைக்காட்சி ஆவணப்படம் 2007 இல் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து அக்குடும்பத்தின் வேண்டுகோளின்படி வரலாற்றாய்வாளர் யோவாகிம் சோல்டிசெக் மேற்கொண்ட ஆய்வு 2011 இல் வெளியானது. 2016 இல் தனது நூற்றாண்டு நாளில், கட்டாய உழைப்பாளர்கள் அடைந்த துன்பத்துக்கு நிறுவனம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது.

1959 நெருக்கடி

போரின் முடிவில் ஐசனாக் தொழிற்சாலை சோவியத் ஆட்சிப் பகுதிக்குள் சென்றது. மியூனிக் ஆலையின் இயந்திரங்கள் கழற்றி எடுத்துச் செல்லப்பட்டன. நிறுவனம் பானை, சட்டி முதலிய வீட்டுப் பொருட்களைச் செய்து பிழைத்தது. 1948 இல் மோட்டார் சைக்கிள் தயாரிப்பு மீண்டும் தொடங்கியது.

1950களில் நிறுவனம் இரு எல்லைகளிலும் நின்றது. ஒருபுறம் 501 போன்ற விலையுயர்ந்த பெரிய மகிழுந்துகளும், 250 அளவிலேயே செய்யப்பட்ட 507 விளையாட்டு மகிழுந்தும் இழப்பையே தந்தன. மறுபுறம் இத்தாலிய உரிமத்துடன் 1955 முதல் தயாரிக்கப்பட்ட இசெட்டா, முன்பக்கம் ஒரே கதவும் மோட்டார் சைக்கிள் எஞ்சினும் கொண்ட முட்டை வடிவச் சிறு வண்டி. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற போதிலும் அதில் இலாபம் குறைவு. நடுத்தரக் குடும்பம் வாங்கத்தக்க மகிழுந்து இவ்விரண்டுக்கும் இடையில் இல்லை.

1959 டிசம்பர் 9 அன்று கூடிய பங்குதாரர் கூட்டத்தில், நிறுவனத்தைப் போட்டியாளரான டைம்லர்-பென்ஸ் எடுத்துக்கொள்ளும் திட்டம் முன்வைக்கப்பட்டது. சிறு பங்குதாரர்களும் விற்பனை முகவர்களும் கடுமையாக எதிர்த்தனர். புதிய 700 வகைக்கான உருவாக்கச் செலவு முழுவதும் ஒரே ஆண்டின் கணக்கில் எழுதப்பட்டிருப்பதை வழக்குரைஞர் பிரீட்ரிக் மாட்டெர்ன் சுட்டிக்காட்டினார். கணக்கில் குறை இருப்பின், பத்து விழுக்காட்டுப் பங்குகளின் ஆதரவு இருந்தாலே கூட்டத்தை ஒத்திவைக்கச் சட்டம் இடமளித்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டு, திட்டமும் கைவிடப்பட்டது. பின்னர் எர்பர்ட் குவாண்ட் தன் பங்கை உயர்த்தி நிறுவனத்தைத் தனித்தியங்கச் செய்தார். அவருடைய வாரிசுகளிடம் இன்றும் ஏறத்தாழப் பாதிப் பங்குகள் உள்ளன.

புதிய வகுப்பும் மீட்சியும்

1961 இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் வைக்கப்பட்ட 1500 வகை, முன்னர் விடுபட்டிருந்த அந்த நடுத்தர இடத்தை நிரப்பியது. 'நோயே கிளாஸ்' (புதிய வகுப்பு) எனப்பட்ட இவ்வரிசைக்கு அலெக்ஸ் பான் பால்கன்ஹவுசன் வடிவமைத்த நான்கு சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. பின் சாளரத்தின் அடியில் முன்னோக்கி வளையும் கோடு இவ்வரிசையுடன் அறிமுகமாகி, இன்றுவரை இந்நிறுவன மகிழுந்துகளின் அடையாளமாக உள்ளது.

தொடக்கத்தில் 80 குதிரைத்திறன் தந்த இந்த எஞ்சினின் வார்ப்புக்கூட்டை அடிப்படையாகக் கொண்டே பிற்காலத்தில் பார்முலா 1 பந்தய எஞ்சின் உருவாக்கப்பட்டது. 1.5 லிட்டர் கொள்ளளவும் டர்போ அமைப்பும் கொண்ட அதனுடன் பிரேசிலின் நெல்சன் பிக்கே 1983 இல் உலக வாகையர் ஆனார். டர்போ எஞ்சின் ஒன்று ஓட்டுநர் பட்டத்தை வென்றது அதுவே முதன்முறை. குடும்ப மகிழுந்தின் எஞ்சின் கூட்டிலிருந்து பந்தய எஞ்சின் பிறந்தது நிறுவனத்தின் பொறியியல் நற்பெயருக்குப் பெரிதும் உதவியது.

1972 இல் 5 தொடரும், 1975 இல் 3 தொடரும், 1977 இல் 7 தொடரும் அறிமுகமாயின. நான்கு சிலிண்டர்கள் நிற்பது போன்ற தலைமையகக் கட்டிடமும், 'எம்' என்ற எழுத்தால் அறியப்படும் பந்தயப் பிரிவும் 1972 ஆம் ஆண்டைச் சேர்ந்தவையே.

எல்லா விரிவாக்கங்களும் வெற்றி பெறவில்லை. 1994 இல் வாங்கிய பிரித்தானியாவின் ரோவர் நிறுவனத்தைப் பேரிழப்புடன் 2000 இல் கைவிட நேர்ந்தது. மினி மட்டும் தக்கவைக்கப்பட்டது. அப்போது போர்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்ட லேண்ட் ரோவர், 2008 இல் இந்தியாவின் டாட்டா மோட்டார்சிடம் வந்து சேர்ந்தது. ரோல்ஸ் ராய்ஸ் பெயரில் மகிழுந்து செய்யும் உரிமையை பி. எம். டபிள்யூ 1998 இல் பெற்று, 2003 முதல் இங்கிலாந்தின் குட்வுட் ஆலையில் தயாரித்து வருகிறது.

நற்பெயரின் தொழினுட்ப அடிப்படை

இந்நிறுவனத்தின் மகிழுந்துகள் இருக்கை வசதியைக் காட்டிலும் ஓட்டும் இன்பத்துக்காகவே புகழ்பெற்றன. இதற்கு மூன்று காரணங்கள் கூறப்படுவதுண்டு.

• பின்சக்கர இயக்கம்: எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்குச் செல்வதால் முன்சக்கரங்கள் திருப்பும் வேலையை மட்டும் செய்கின்றன. முடுக்கும்போது திசைதிருப்பியில் இழுப்பு உணரப்படுவதில்லை.
• எடைப் பங்கீடு: எஞ்சினைப் பின்னோக்கித் தள்ளி அமைப்பதன் மூலம் முன், பின் அச்சுகளின் மீது எடை ஏறத்தாழச் சமமாகப் பகிரப்படுகிறது. வளைவுகளில் வண்டி சமநிலை இழப்பது இதனால் குறைகிறது.
• நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின்: ஒரே வரிசையில் நிற்கும் ஆறு பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தால் எழும் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. எனவே அதிர்வு மிகக் குறைவு. நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் இத்தகைய முழுச் சமநிலை இயல்பாக அமைவதில்லை.

இவ்விலக்கணம் இன்று எல்லா வகைகளுக்கும் பொருந்தாது. 2014 இல் வந்த 2 தொடர் ஆக்டிவ் டூரர், 2019 இல் வந்த 1 தொடர் ஆகியவை முன்சக்கர இயக்க அடித்தளத்தில் அமைந்தவை. உள்ளிடம் பெருகுவதும் செலவு குறைவதும் இம்மாற்றத்துக்குக் காரணங்கள் ஆகும்.

இந்தியாவில்

ஜெர்மன் சொகுசு மகிழுந்துகளை இந்தியாவில் தயாரிப்பதில் முந்திக்கொண்டது மெர்சிடிஸ்-பென்ஸ் ஆகும். அது 1995 இல் புனேயில் தொடங்கியது. பி. எம். டபிள்யூவின் இந்தியக் கிளை 2006 இல் குர்கானைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்டது. அதன் ஆலை, சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே உள்ள மகிந்திரா உலக நகரத்தில் 2007 மார்ச் 29 அன்று இயங்கத் தொடங்கியது. 3 தொடர் முதலில் தயாரிக்கப்பட்டது. 2009 இல் இந்தியச் சொகுசு மகிழுந்து விற்பனையில் மெர்சிடிசை முந்திய பி. எம். டபிள்யூ, 2012 வரை முதலிடத்தில் இருந்தது. 2013 இல் ஆவ்டியும், 2015 இல் மீண்டும் மெர்சிடிசும் முதலிடம் பெற்றன.

சென்னை ஆலை என வழங்கும் இவ்விடத்தில் நடைபெறுவது முழுத் தயாரிப்பு அன்று, தொகுப்பு ஆகும். வண்ணம் பூசிய உடற்கூடும் பெரும்பாலான பாகங்களும் பெட்டிகளில் வந்து சேர, அவை இங்கு ஒன்றிணைக்கப்படுகின்றன. எஞ்சினும் அச்சுகளும் கீழிருந்து உடற்கூட்டுடன் சேரும் கட்டத்தை மகிழுந்து ஆலைகளில் 'திருமணம்' என்று குறிப்பிடுவர். அதன் பின் மின்கம்பிகள், இருக்கைகள், கண்ணாடிகள் பொருத்தப்பட்டு வண்டி சோதனைக்குச் செல்கிறது.

இம்முறைக்கு முதன்மைக் காரணம் சுங்கவரி. முழுமையாகக் கட்டப்பட்ட வண்டிக்கு மிக உயர்ந்த வரியும், பாகங்களாக வருவதற்குக் குறைந்த வரியும் விதிக்கப்பட்டன. விலை மிகுந்த முழு வண்டிகளுக்கான வரி 2013 இல் 100 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. பாகங்களாக வந்தாலும் எஞ்சின் முன்பே கட்டப்பட்டிருந்தால் கூடுதல் வரி உண்டு என 2011 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் விதித்தது. எனவே எஞ்சினையும் இந்தியாவிலேயே கட்டுவது இலாபகரமானது. இதற்கென போர்ஸ் மோட்டார்ஸ் நிறுவனம் சென்னைக்கு அருகே ஓர் ஆலையை அமைத்தது. உள்நாட்டுப் பாகங்களின் பங்கு 50 விழுக்காடு வரை உயர்த்தப்படுவதாக 2015 இல் அறிவிக்கப்பட்டது. 2018 இல் முந்நூறுக்கும் மேற்பட்ட எஞ்சின்களும் பற்சக்கரப் பெட்டிகளும் மாணவர் பயிற்சிக்காகத் தொழினுட்பக் கல்வி நிறுவனங்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டன. ஆலையின் ஒரு லட்சமாவது மகிழுந்து 2022 இல் வெளிவந்தது.

இந்தியச் சந்தை ஒரு முரணையும் காட்டுகிறது. ஓட்டும் இன்பத்தை விளம்பரப்படுத்தும் இவ்வண்டிகளின் உரிமையாளர் பலர் ஓட்டுநரை அமர்த்திக்கொண்டு பின்னிருக்கையில் பயணிக்கின்றனர். ஆகவே அச்சுகளின் இடைவெளியை நீட்டிப் பின்னிருக்கையில் கால்வைக்க இடம் பெருக்கிய வகைகள் இங்குத் தொகுக்கப்படுகின்றன. 3 தொடரின் நீள வகை 2021 இலும், 5 தொடரின் நீள வகை 2024 இலும் வந்தன. இவ்வாலையில் தொகுக்கப்பட்ட முதல் மின்சார மகிழுந்தான ஐஎக்ஸ்1 உம் நீள வகையாகவே 2025 சனவரியில் அறிமுகமானது.

ஓசூர் மோட்டார் சைக்கிள்கள்

ஓசூரில் உள்ள டிவிஎஸ் மோட்டார் நிறுவனத்துடன் பி. எம். டபிள்யூ 2013 ஏப்ரலில் செய்துகொண்ட ஒப்பந்தம் இதிலிருந்து வேறுபட்டது. 500 கன சென்டிமீட்டருக்கு உட்பட்ட மோட்டார் சைக்கிள்களை இரு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்குவது இதன் நோக்கம். இதன் முதல் விளைவான ஜி 310 ஆர் 2015 இல் காட்சிக்கு வந்தது. 313 கன சென்டிமீட்டர் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், 34 குதிரைத்திறன் தருவது. இதில் சிலிண்டர் பின்னோக்கிச் சாய்ந்துள்ளது. வழக்கத்துக்கு மாறாகக் காற்று முன்புறம் நுழைந்து புகை பின்புறம் வெளியேறுகிறது. இதனால் எடை முன்சக்கரத்தை நோக்கி நகர்ந்து வண்டி நிலைபெறுகிறது.

ஓசூரில் செய்யப்பட்ட இவ்வண்டிகள் ஐரோப்பா உள்ளிட்ட பல நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. இந்தியாவில் விற்பனை 2018 சூலையில் தொடங்கியது. அதே எஞ்சினுடன் அபாச்சி ஆர்ஆர் 310 என்னும் வண்டியை டிவிஎஸ் தன் சொந்தப் பெயரில் 2017 டிசம்பரில் வெளியிட்டது. சிஇ 02 என்னும் மின்சார இருசக்கர வண்டியும் ஓசூரில் தயாராகிறது.

பிறர் வடிவமைப்பைச் செய்து பழகித் தன் வடிவமைப்புக்கு உயர்வது தொழில் வரலாற்றில் பலமுறை நிகழ்ந்ததே. சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தின் தொழினுட்ப உதவியுடன் 1962 இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூரின் இலட்சுமி மெஷின் வொர்க்ஸ், நூற்பாலை இயந்திரத் தயாரிப்பில் முன்னணி இடம் பெற்றது. ஆஸ்டின் உரிமத்தில் தொடங்கிய பி. எம். டபிள்யூவின் வரலாறும் இவ்வகையைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் உள்ள இரு ஆலைகளை ஒப்பிட்டால், செங்கல்பட்டில் தொகுப்புத் திறனும், ஓசூரில் வடிவமைப்புத் திறனும் வளர்ந்திருப்பதைக் காணலாம்.

விமரிசனங்கள்

• பராமரிப்புச் செலவு: சிக்கலான அமைப்பும் விலையுயர்ந்த உதிரிப்பாகங்களும் காரணமாக, வாங்கிய விலையில் மட்டும் இவ்வண்டிகளை மதிப்பிட இயலாது. உத்தரவாதக் காலம் முடிந்த பின் செலவு கூடுவதால் பழைய வண்டியின் மறுவிற்பனை விலை விரைந்து குறைகிறது. இந்தியாவில் குறைந்த விலைக்குப் பழைய வண்டியை வாங்குவோர் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும்.
• சாலைகள்: காற்று இறங்கினாலும் சிறிது தொலைவு ஓடவல்ல உறுதியான பக்கச்சுவர் கொண்ட டயர்கள், மேடுபள்ளமான சாலைகளில் அதிர்வை மிகுதியாக உள்ளே கடத்துகின்றன என இந்தியப் பயனர்கள் குறைகூறியதுண்டு.
• பாதுகாப்பு: 2018 இல் தென்கொரியாவில் பல டீசல் வண்டிகள் தீப்பற்றின. புகை மறுசுழற்சிக் குளிர்விப்பான் கசிவே காரணம் எனக் கண்டறியப்பட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. சோதிக்கப்படாத வண்டிகள் சாலையில் செல்ல அந்நாட்டு அரசு தடை விதித்தது.
• போட்டிச் சட்ட மீறல்: டீசல் புகையைச் சட்டம் கோரும் அளவைக் காட்டிலும் சிறப்பாகத் தூய்மைப்படுத்தும் தொழினுட்பம் கைவசம் இருந்தும், அதில் ஒருவரோடொருவர் போட்டியிடாமல் இருக்க ஜெர்மன் நிறுவனங்கள் கூடிப் பேசியதாக ஐரோப்பிய ஆணையம் 2021 சூலையில் தீர்மானித்தது. பி. எம். டபிள்யூவுக்கு ஏறத்தாழ 37 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. பொறியியல் மேன்மையையே தன் பெயராகக் கொண்ட நிறுவனம், மேன்மையான பொறியியலைத் தெரிந்தே கட்டுப்படுத்தியது என்பதால் இத்தீர்ப்பு அதன் நற்பெயரை நேரடியாகத் தொட்டது.
• வடிவமைப்பு: கிறிஸ் பேங்கிள் தலைமையில் 2001 இல் வெளிவந்த 7 தொடரும், அண்மைக்கால வகைகளில் மிகப் பெரிதாக்கப்பட்ட முன்வலையும் கடும் விவாதத்துக்கு உள்ளாயின.

மின்சார மகிழுந்துகளின் வருகை இந்நிறுவனத்துக்கு அடிப்படையான கேள்வி ஒன்றை எழுப்பியுள்ளது. மின்மோட்டார் இயல்பாகவே அதிர்வின்றி ஓடுவது. எனவே ஆறு சிலிண்டர் எஞ்சினின் தனிச்சிறப்பு அங்குப் பயனற்றுப் போகிறது. 2025 செப்டம்பரில் மியூனிக்கில் அறிமுகப்படுத்தப்பட்ட ஐஎக்ஸ்3 என்னும் மின்சார மகிழுந்திலிருந்து தொடங்கும் புதிய வரிசைக்கு, 1961 இல் தன்னை மீட்ட 'நோயே கிளாஸ்' என்ற பெயரையே நிறுவனம் மீண்டும் சூட்டியுள்ளது.